சும்மா டெஸ்ட்தான் பண்ணேன்!

சட்டம் கேளுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருபவர், பதினோரு ஆண்டுகள் சர்வர் அட்மினாக வேலை பார்த்துவிட்டுச் சட்டம் படித்து, இப்போது மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் வழக்கறிஞர்.

சென்ற முறை ஓடிபி மோசடி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பணத்தை ஏமாந்தவர்களைவிட, “வீட்டுப் பையன் எதையோ செய்துவிட்டான்” என்று பதறியவர்கள்தான் அதிகம். எல்லாம் ஒரே ரகம். ஏதோ ஒரு இணையதளத்தை முடக்கிவிட்டான், அல்லது முடக்கப் பார்த்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கதைதான்.

“வணக்கம் மேடம். என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. செமஸ்டர் ரிசல்ட் வந்த இரவு அவன் கல்லூரி வெப்சைட் இரண்டு மணி நேரம் திறக்கவே இல்லை. ‘நான்தான்’ என்று நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். டெலிகிராமில் யாருக்கோ 400 ரூபாய் அனுப்பி ‘ஸ்ட்ரெஸ்ஸர்’ என்று ஒன்றை வாங்கினானாம். ‘சும்மா டெஸ்ட்தான் பண்ணேன், எதையும் திருடலை’ என்கிறான். கல்லூரியில் போலீஸுக்குப் போகப்போவதாகப் பேச்சு. லாப்டாப்பை ஃபார்மட் பண்ணிவிடட்டுமா என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?” – ஒரு தாய், திருச்சி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா, ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். ஃபார்மட் வேண்டாம். லாப்டாப்பை மூடி, அப்படியே பீரோவில் வையுங்கள். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம். நீங்கள் சொல்லி அவன் அழித்தால் அதில் உங்களுக்கும் பங்கு. அது போக, அழித்துப் பிரயோஜனமும் இல்லை. அவன் செய்ததற்கான சாட்சி அந்த லாப்டாப்பில் கால்வாசிகூட இருக்காது. மீதியெல்லாம் ஊர்ப்பட்ட இடங்களில் கிடக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்ட்ரெஸ்ஸர் என்பது, காசு வாங்கிக்கொண்டு ஒரு சைட்டின் மேல் போலிக் கோரிக்கைகளைக் குவித்து அதைத் திணறடிக்கும் சேவை. இனி ‘டெஸ்ட்’ என்ற வார்த்தையைப் பார்ப்போம். சர்வர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதிப்பது உண்மையிலேயே ஒரு தொழில். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் சர்வரின் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி தருவார். எந்த முகவரி, எந்தத் தேதி, இரவு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அதில் இருக்கும். உங்கள் மகனிடம் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட அப்படி ஒரு தாள் இருந்தால், அது டெஸ்ட். இல்லையென்றால், வேறொருவர் கடை வாசலில் ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “பூட்டைத் தொடவே இல்லையே” என்று சொல்வது மாதிரிதான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். திருட்டு, வைரஸ் எல்லாம் அதில் உண்டு. கூடவே, கணினியின் இயக்கத்தைக் குலைப்பது ஓர் உட்பிரிவு, அதைப் பயன்படுத்த உரிமை உள்ளவருக்கு வழி மறிப்பது இன்னோர் உட்பிரிவு. இந்த இரண்டுக்கும் எதையும் திருடியிருக்க வேண்டிய அவசியமில்லை. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவு வரும்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முயன்று தோற்றால்கூட 84சி பிரிவில் பாதித் தண்டனை உண்டு. இது தவிர, கல்லூரி நஷ்ட ஈடு கேட்டு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் தனியாகப் போகலாம். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை அவரே விசாரிக்க முடியும். கிரிமினல் வழக்கு ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

இனி அந்தச் சாட்சிகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று பார்ப்போம். வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர்? அறுபது பேர் என்றால் அறுபது போனில் “நான்தான்” இருக்கிறது. அதில் ஒருத்தன் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இருந்திருப்பான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. 400 ரூபாய் யூபிஐயில் போயிருந்தால், இரண்டு வங்கிகளிலும் பெயரோடு வரவு, செலவு. டெலிகிராம் யாருக்கும் எதையும் தராது என்பது பையன்களின் வேதவாக்கு. 2024 செப்டம்பரில் அந்த நிறுவனமே தன் கொள்கையை மாற்றி, சட்டப்படி கேட்டால் ஐபி முகவரியும் (இணைய இணைப்பின் எண்) போன் நம்பரும் தருவோம் என்று அறிவித்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஸ்ட்ரெஸ்ஸர் கடை. வாடிக்கையாளர் பட்டியல் இல்லாமல் எந்தக் கடையும் நடக்காது. யார் எப்போது எந்தச் சைட்டை எத்தனை நிமிடம் அடித்தார்கள் என்று கணக்கு வைத்தால்தான் அவன் காசு வாங்க முடியும். 2018 ஏப்ரலில் ‘வெப்ஸ்ட்ரெஸ்ஸர்’ என்ற கடையைப் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து மூடினார்கள். மாதம் 15 யூரோவுக்கே சேவை தந்த இடம். பதிவு செய்தவர்கள் 1,36,000 பேர், நடந்த தாக்குதல்கள் 40 லட்சம். கடைக்காரர்களைப் பிடித்ததோடு விட்டார்களா என்றால், இல்லை. அடுத்த வருடம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. தானே போலி ஸ்ட்ரெஸ்ஸர் கடைகளைத் திறந்து வைத்துவிட்டது! பதிவு செய்தவர்களின் விவரம் நேராகப் போலீஸ் கையில். 2023 மார்ச்சில் அவர்களே இதை வெளியில் சொன்னார்கள். உங்கள் மகன் 400 ரூபாய் கொடுத்தது யாரிடம் என்று அவனுக்கே தெரியாது.

சரி, இப்போது என்ன செய்வது? 66-ஆவது பிரிவு ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதனால் “ராத்திரியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்” என்று தூக்கம் கெட வேண்டாம். புகார் கொடுத்தவர் சம்மதித்தால், நீதிமன்றத்தின் மூலம் சமரசமாக முடிக்கவும் 77ஏ பிரிவில் வழி இருக்கிறது. பதினெட்டு முடியாத பையன் என்றால் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். கல்லூரியில் கூப்பிட்டு, “ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, முடித்துவிடலாம்” என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்தான் நீதிமன்றத்தில் செல்லாது. முதல்வரிடம் எழுதிக் கொடுத்த கடிதம் ஆதாரமாக வரலாம். பேனாவை எடுப்பதற்கு முன் உள்ளூர் வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதம் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன வாசகம் என்பதை அவர் பார்க்கட்டும்.

“விபிஎன் போட்டு, அதற்கு மேல் டோர் பிரவுசர் போட்டுச் செய்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள். உண்மையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.” – கல்லூரி மாணவர், கோவை

தம்பி, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவர்கள் எனக்கு எழுதும்போது பெரும்பாலும் பெயரையும் எழுதுவார்கள். போகட்டும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். 2011-இல் சென்னையில் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட். ஒரு வாடிக்கையாளர் சர்வருக்கு லோடு டெஸ்ட், அனுமதிக் கடிதமெல்லாம் கையில் இருந்தது. முகவரியைத் தட்டும்போது கடைசி எண்ணில் ஒரு 3 போய் 8 விழுந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், புகார்கள் வரும் எங்கள் அலுவலக அப்யூஸ் மெயிலுக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு கடிதம். முன்பின் தெரியாத ஓர் அட்மின். எங்கள் ஐபி முகவரி, நொடி சுத்தமாக நேரம், நான் அனுப்பிய கோரிக்கைகள் வரி வரியாக, கீழே “தயவுசெய்து நிறுத்துங்கள்” என்று ஒரு வாக்கியம். நான் தொடங்கி நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மனிதர் போலீஸும் இல்லை, கெட்டிக்காரத் துப்பறிவாளரும் இல்லை. அவருடைய சர்வர் தன் நாட்குறிப்பை எழுதியிருந்தது, அவர் படித்தார், அவ்வளவுதான். அன்று நான் மேனேஜர் முன்னால் நின்ற நிலை இன்னும் மறக்கவில்லை.

விபிஎன் (உங்கள் இணைப்பை இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றிவிடும் சேவை) போட்டால் அந்த நாட்குறிப்பு மறைந்துவிடாது. இன்னொருவர் வீட்டுக்கு இடம் மாறும். 2011-இல் சோனி பிக்சர்ஸ் தளத்துக்குள் நுழைந்த ஓர் இளைஞர், பிரிட்டன் நிறுவனம் ஒன்றின் ‘ஹைட் மை ஆஸ்’ என்ற விபிஎன்னை நம்பினார். நீதிமன்ற உத்தரவு வந்ததும் நிறுவனம் பதிவுகளைக் கொடுத்துவிட்டது. அவருக்கு ஓராண்டு சிறை. (அந்த நிறுவனத்தின் சின்னம் ஒரு கழுதை. யாரை மனதில் வைத்துப் போட்டார்களோ!) நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். மற்ற நிறுவனங்கள் தங்கள் லாக்குகளை, அதாவது சர்வர் எழுதும் அந்த நாட்குறிப்புகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். இது பிடிக்காமல் சில விபிஎன்காரர்கள் தங்கள் சர்வர்களையே இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். “அப்போ அவங்க நல்லவங்க” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பொறுங்கள்.

டோர், இணைப்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றிவிட்டு ஆளை மறைக்கும் பிரவுசர். அதன் கதை இன்னும் சுவாரஸ்யம். 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில். இறுதித் தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் செய்த வேலை. டோர் வழியாக, ஒருமுறை மட்டும் பயன்படும் மெயில் முகவரியிலிருந்து அனுப்பினார். டோரை யாரும் உடைக்கவில்லை. உடைக்க அவசியமும் இருக்கவில்லை. அவர் பயன்படுத்தியது பல்கலைக்கழகத்தின் வைஃபை. அந்த நேரத்தில் வளாகத்துக்குள் டோருக்குப் போனது யார் என்று பார்த்தார்கள், கதவைத் தட்டினார்கள், அவர் ஒப்புக்கொண்டார். முகமூடி போட்டுக்கொண்டு போனவரை அந்த முகமூடிதான் காட்டிக்கொடுத்தது.

லல்ஸ்செக் என்ற ஹேக்கர் குழுவின் தலைவர் ‘சாபு’ இதிலெல்லாம் நிபுணர். ஒரே ஒருமுறை மறைக்காமல் அரட்டை அறைக்குள் நுழைந்தார். 2011 ஜூனில் எஃப்பிஐ பிடித்தது. பிறகு மாதக்கணக்கில் அதே குழுவுக்குள் இருந்துகொண்டே எஃப்பிஐக்கு வேலை செய்தார். அடுத்த மார்ச்சில் கூட்டாளிகள் வரிசையாகக் கைது. அதாவது, உன் ஐபி எவ்வளவு பத்திரம் என்பது மட்டும் கணக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து “செம மச்சி” என்பவன் எவ்வளவு பத்திரம் என்பதும் கணக்கு.

2000 பிப்ரவரியில் யாஹூ, ஈபே, சிஎன்என் எல்லாவற்றையும் முடக்கிய ‘மாஃபியாபாய்’ என்ற பதினைந்து வயது மான்ட்ரியால் பையன் மாட்டியதும் அரட்டை அறையில் பீற்றிக்கொண்டதால்தான். அந்தப் பையன் பிறகு எட்டு மாதம் இளையோர் காவலில் இருந்தான். இருபத்தைந்து வருடமாக இந்த விஷயத்தில் பெரிய முன்னேற்றம் எதையும் நான் பார்க்கவில்லை. மேலே திருச்சிக் கடிதத்தைப் பாருங்கள்.

எப்படிச் செய்தால் மாட்டமாட்டேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன்.

“திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். வேலையை விட்டு நின்ற ஒருவர் போன வாரம் மூன்று நாள் எங்கள் வெப்சைட்டை முடக்கிவிட்டார். அவர்தான் என்று எங்களுக்கு நிச்சயம். அவர் இப்போது வைத்திருக்கும் கம்பெனி சைட்டை நாங்களும் முடக்க ஆள் இருக்கிறது. தற்காப்புக்குச் சட்டத்தில் இடம் உண்டுதானே?” – பின்னலாடை நிறுவன உரிமையாளர், திருப்பூர்

உடம்புக்கும் சொத்துக்கும் தற்காப்பு உரிமை உண்டு. முடிந்துபோன தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்துக் கூலிக்கு ஆள் வைத்துத் திருப்பி அடிப்பதற்குப் பெயர் தற்காப்பு இல்லை ஐயா. இன்று நீங்கள் புகார்தாரர். அந்த ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்த நிமிடத்திலிருந்து நீங்களும் குற்றவாளி. தூண்டியவருக்கும் செய்தவருக்குக் கிடைக்கும் அதே தண்டனை என்கிறது 84பி பிரிவு.

இன்னொன்று. உங்கள் சைட்டை அடித்த கணினிகள் அவருடையவை இல்லை. 2016-இல் உலகத்தைக் கலக்கிய ‘மிராய்’ என்ற நச்சு நிரல் எதைக் கொண்டு அடித்தது தெரியுமா? பாஸ்வேர்டு மாற்றாமல் விட்ட சிசிடிவி கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள். உங்கள் லாக்கில் இருக்கும் முகவரிகளை நோக்கித் திருப்பி அடித்தால், எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு மளிகைக் கடைக்காரரின் கேமராதான் சாகும். மிராயை எழுதிய மூவரில் ஒருவர் தான் படித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தையே திரும்பத் திரும்ப முடக்கியவர். அந்த வழக்கில் மட்டும் அவர் கட்ட வேண்டிய ஈட்டுத் தொகை 86 லட்சம் டாலர்.

“அவர்தான் என்று நிச்சயம்” என்கிறீர்கள். இருக்கலாம். அமெரிக்காவில் ஒருவர், முன்பு வேலை பார்த்த மின்னசோட்டா கம்பெனியின் சைட்டை வாடகைக் கடைகள் மூலம் ஒரு வருடத்துக்கு மேல் அடித்தார். அடித்துவிட்டு, “ஏதாவது ஐடி பிரச்சினையா, உதவி வேண்டுமா” என்று அவர்களுக்கே மெயில், கூடவே சிரிக்கும் எலியின் படம். அந்த மெயில் முகவரியைப் பிடித்துக்கொண்டு போனதில் அவர் வீடு வந்துவிட்டது. துப்பாக்கி வழக்கும் சேர்ந்துகொள்ள, 2018-இல் 15 ஆண்டு சிறை. உங்கள் ஆளுக்கும் ஏதாவது ஓர் எலிப் படம் அனுப்பத் தோன்றியிருக்கும். வாட்ஸ்அப், மெயில் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள், ஃபார்வர்டும் பண்ணாதீர்கள்.

இன்று மதியத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஹோஸ்டிங்காரரைக் கூப்பிட்டு, அந்த மூன்று நாள் லாக்கைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சட்டம் 180 நாள் என்றாலும், சின்ன ஹோஸ்டிங் இடங்களில் பழைய லாக்கின் மேலேயே புதியது ஏறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எடுத்த கோப்புக்கு ஹாஷ் எண் (கோப்பின் கைரேகை மாதிரி) போட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷா-256 என்றால் அவருக்குப் புரியும். கோப்பில் ஒரு கமா மாறினாலும் அந்த அறுபத்து நான்கு எழுத்து வரிசையே வேறாகிவிடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் தர வேண்டிய சான்றிதழில் அந்த எண்ணுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்ற நிறுவனங்கள் நிறைய. பிறகு உங்கள் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார். இந்தச் சட்டத்தின் வழக்குகளை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். சர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமானாலும் தெரிவித்துவிடுங்கள்.

“எதிரி நாட்டு அரசு சைட்டுகளை முடக்க எங்கள் குழுவில் அழைப்பு வருகிறது. லிங்கைத் திறந்து வைத்தால் போதும், ஆயிரக்கணக்கானோர் சேர்வதால் தனி ஆளைப் பிடிக்க முடியாது என்கிறார்கள். இது தேசபக்திதானே, குற்றமா?” – வாசகர், வேலூர்

43-ஆவது பிரிவில் கணினி எந்த நாட்டுடையது என்ற கேள்வியே இல்லை. வேலூரில் உட்கார்ந்து அழுத்தினால் குற்றம் நடந்த இடம் வேலூர். அந்த நாட்டுச் சட்டம் தனி.

ஆயிரம் பேரில் ஒருத்தர் என்ற தைரியத்துக்கு ஒரு கணக்கு. 2011 பிப்ரவரியில் அனானிமஸ் என்ற ஹேக்கர் குழுவின் அழைப்பை ஏற்று, அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவர் கோக் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் சைட்டைத் தாக்கும் மென்பொருளை ஓட்டினார். ஏறக்குறைய ஒரு நிமிடம். சைட் முடங்கியது பதினைந்து நிமிடம். நேரடி நஷ்டம் 5,000 டாலருக்கும் குறைவு. ஆனால் நிறுவனம் பாதுகாப்பு ஆலோசகர்களுக்குச் செலவழித்த 1,83,000 டாலரையும் அவர் தலையில் கட்டினார்கள், இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்போடு. அவர் ஓட்டிய மென்பொருள் ஐபியை மறைக்கவே மறைக்காது. இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் தாக்கப்பட்டபோது அந்த நிறுவனம் செய்தது ஒன்றுதான்: மிக அதிகமாக அடித்த ஆயிரம் முகவரிகளைப் பட்டியல் போட்டு எஃப்பிஐயிடம் கொடுத்தது. அதிலிருந்து பதினான்கு பேர் கைது. அழைப்பு விடுத்தவர் உங்கள் வழக்குச் செலவுக்கும் ஏதாவது தருவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

“என்ரை பெறாமகன் உயர்தரம் படிக்கிறான். எந்த நேரமும் கொம்பியூட்டர்தான். அரச இணையத்தளம் ஒன்றுக்குள்ள போய்ப் பாத்தனான் என்று பெருமையாச் சொல்லுறான். சின்னப் பெடியன்தானே, இஞ்ச ஆர் பிடிக்கப்போகினம் என்று என்ரை தங்கச்சி சொல்லுறா.” – வாசகி, யாழ்ப்பாணம்

இலங்கைச் சட்டத்தில் நான் வழக்காடுவதில்லை. அதனால் உங்கள் ஊர்ச் சட்டத்தரணி ஒருவரைப் பார்ப்பதுதான் முறை. ஆனால் “ஆர் பிடிக்கப்போகினம்” என்ற தங்கச்சிக்கு 2016 ஆகஸ்ட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். இலங்கை ஜனாதிபதியின் அதிகாரபூர்வ இணையத்தளத்துக்குள் யாரோ நுழைந்து முகப்பை மாற்றிவிட்டார்கள். அதில் எழுதியிருந்த கோரிக்கை: உயர்தரப் பரீட்சையை ஏப்ரலில் வைக்காதீர்கள். இதைவிடத் தெளிவாக ஒருவர் தன் வயதையும் வகுப்பையும் எழுதி வைக்க முடியாது! சில நாட்களிலேயே கடுகண்ணாவையில் பதினேழு வயதுப் பையன் கைது. உங்கள் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி நுழைவதே அதில் குற்றம், உள்ளே எதையும் தொடாவிட்டாலும். பெறாமகனை இனிமேல் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பரீட்சை முடியட்டும்.

“ஒரு பல்கலைக்கழக சைட்டில் முகவரியில் இருக்கும் எண்ணை மாற்றினால் அடுத்தவர் மார்க் ஷீட் தெரிகிறது. அவர்களிடம் சொன்னால் பரிசு தருவார்களா, பிடித்துக் கொடுப்பார்களா?” – நாகர்கோவில்

இரண்டும் நடந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஓட்டையைச் சொல்பவருக்கென்று நம் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு கிடையாது. நேர்மையற்ற நோக்கம் இல்லை என்பதால் 66 நிற்காது என்று வாதிடலாம். ஆனால் அது வழக்கு வந்த பிறகு என்னைப் போன்றவர் பேசும் பேச்சு. பார்த்தது ஒன்றோ இரண்டோ மார்க் ஷீட் என்றால் அங்கேயே நில்லுங்கள். “எத்தனை பேருடையது வருகிறது பார்ப்போம்” என்று ஸ்கிரிப்ட் எழுதி எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் கதை மாறிவிடும். சர்ட்-இன் அமைப்பு இப்படிப்பட்ட தகவலை வாங்கி உரியவரிடம் சேர்க்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். பணம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் வரவே கூடாது. வந்தால் அது மிரட்டல் கடிதமாகப் படிக்கப்படும்.

“நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து யாரோ ஒரு சைட்டைத் தாக்கினார்களாம். ஐபி முகவரி என் பெயரில் இருப்பதாக ஒரு போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு மெயில் பார்க்கவே பேரன் வேண்டும். என்னைக் கைது செய்வார்களா?” – தஞ்சாவூர்

ஐயா, பயப்பட வேண்டாம். ஆனால் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். மேலே இவ்வளவு நேரம் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிப்பார்கள் என்றே எழுதினேன். தப்பாகவும் கண்டுபிடிப்பார்கள் என்பதை உங்களுக்குத்தான் எழுத வேண்டும்.

ஐபி முகவரி காட்டுவது இணைப்பைத்தான், ஆளை இல்லை. 2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்னால் ஒரு மிரட்டல் மெயில் போனது. ஐபியைப் பிடித்துப் போனால் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கர் வீடு. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். விசாரணையெல்லாம் பட்டு, பிறகுதான் அவருக்குத் தொடர்பில்லை என்று தெளிவானது. அதற்கு முந்தைய வருடம் பெங்களூருவில் ஓர் ஐடி ஊழியருக்கு இதைவிட மோசம். இணைய நிறுவனம் தவறான விவரம் கொடுத்ததால், செய்யாத குற்றத்துக்கு ஐம்பது நாள் சிறை.

எங்கே தவறும் என்று காட்டுகிறேன். ஒரு சர்வர் லாக்கில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள்: 203.0.113.45, 14 மார்ச், 18:12:09. பார்த்தவுடன் மாலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் என்றுதானே படிப்பீர்கள்? பல சர்வர்கள் உலக நேரத்தில் எழுதும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். அப்படியானால் அது இரவு 11:42. அந்த மாலை ஆறு மணிக்கு இந்த முகவரியை வைத்திருந்தவர் ஒருவர், இரவு பதினொன்றே முக்காலுக்கு வைத்திருந்தவர் இன்னொருவர். மொபைல் இணைப்பு என்றால் இன்னும் சிக்கல். ஒரே முகவரியை ஒரே நேரத்தில் ஏகப்பட்ட பேர் பகிர்ந்துகொள்வார்கள். போர்ட் எண்ணும் (ஒரே முகவரியில் யாருடைய இணைப்பு என்று பிரித்துக் காட்டும் எண்) நொடியும் இல்லாமல் பிரிக்கவே முடியாது. நான் எடுத்த ஒரு வழக்கில் இந்த ஐந்தரை மணி நேரத்தைத்தான் குறுக்கு விசாரணையில் கேட்டேன். சாட்சி கூண்டில் நின்றவர் ஒரு நிமிடம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அதிகாரி மறுபடி வந்தால் மரியாதையாக உட்காரவைத்து, எழுத்து மூலமான நோட்டீஸ் கேளுங்கள். அதில் தேதி, நேரம், அது எந்த நாட்டு நேரம், போர்ட் எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் யார் யாருக்கு வைஃபை பாஸ்வேர்டு தெரியும், மாடியில் யார் குடியிருக்கிறார்கள், கேமரா பொருத்த யார் வந்தார்கள் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிறகு மறந்துவிடும். கருவிகளை எடுத்துக்கொண்டு போனால், பறிமுதல் மகஜரில் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. எடுக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

அப்புறம், பேரனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் ஐயா. மெயில் பார்க்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் “சும்மா டெஸ்ட்தான்” என்று ஆரம்பித்தால், இந்த இதழின் முதல் பதிலைப் படிக்கக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். ஆசிரியர் குழுவிடம் நம்பர் இருக்கிறது.